வெந்நீர்ப்பொறி நிறுவு நூல்

1. நுதலிய பொருள்

மாணவ, அமர்க. இந்நூல் நுதலுவது யாதெனின், குளியலறைச் சுவரில் மின்வெந்நீர்ப்பொறியை உயிர்க்கேடின்றி நிறுவும் முறை. இடம், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன். பிற ஊரார் தத்தம் ஊருக்கேற்பத் திருத்திக்கொள்க.

முதற்கண் வரையறை. வெந்நீர்ப்பொறியாவது, நீர், மின், மேனி ஆகிய மூன்றையும் ஆறடிக்கு நான்கடி அறையொன்றில் நெருங்க நிறுத்தி, நீரையும் மேனியையும் மட்டும் கூடவிட்டு, மின்னை விலக்கி வைப்பது. காய்ச்சுதல் இவ்வரையறையுள் வாராமை காண்க. காய்ச்சுதற்கு ஓர் அண்டாவும் நாலு விறகும் போதும். நம் பாட்டியர் அவ்வளவில் முடித்தனர். விலக்கி வைத்தலே பொறிக்குரிய தனித்தொழில். ஆகவே பின்வரும் இயல்கள் பெரும்பாலும் விலக்கலின் வகைகளே.

2. வேட்போர் இயல்

ஜார்ஜ் டவுன் குழாய்நீர் ஆண்டு முழுதும் ஏறத்தாழ 27 பாகை வெம்மையோடு இறங்கும். கூரைத்தொட்டியில் உச்சிப்பொழுது கழியக் கிடந்த நீர் அதற்கும் மேற்பட்டிருக்கும். இந்நீரை மேலும் காய்ச்ச வேட்போர் ஐவகையர்: குளிரறை வேட்போர், மழை வேட்போர், மூட்டு வேட்போர், எண்ணெய் வேட்போர், விருந்து வேட்போர்.

குளிரறை வேட்போர் என்பார், இரவெல்லாம் ஒரு பொறியால் அறையை 18 பாகைக்குத் தணித்துப் போர்வைக்குள் சுருண்டிருந்து, விடிந்ததும் மற்றொரு பொறியால் தம்மை 40 பாகைக்கு ஏற்றிக்கொள்வோர். மழை வேட்போர், மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து பிறைக்கு வேலைக்குப் போய்த் திரும்புகையில் நனைந்தோர்; மழை வலுக்கும் செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களில் இவர் தொகை பெருகும். மூட்டு வேட்போர் முதியோர். பொறி வாங்குங்கால் இல்லத்தார் இவர் பெயரையே சொல்வர். வாங்கியபின், பேரப்பிள்ளைகள் குளித்து முடிக்குமளவும் இவர் கதவருகே துண்டோடு நிற்பர்.

எண்ணெய் வேட்போர் சனிக்கிழமையிலும் தீபாவளி விடியலிலும் தோன்றுவர். இவ்வகையைச் சிறிதென எண்ணி விடற்க. எண்ணெய் தரையிற் படர்தலின் வழுக்குவோர் கைக்கெட்டியதைப் பற்றுவர். கைக்கெட்டும் உயரத்தில் இருப்பது பொறி. ஆதலின் பொறியைத் தாங்கும் திருகாணிகள், பொறியின் எடையோடு வழுக்கும் மாமா ஒருவரின் எடையையும் சேர்த்துத் தாங்கத் தக்கனவாதல் வேண்டும். விருந்து வேட்போர் தாம் குளியார். கோலாலம்பூரிலிருந்து வரும் மாப்பிள்ளைக்காகப் பொறி வாங்குவோர்.

இவ்வைவர்க்கும் பொதுவான ஓய்வுக்காலம் ஒன்றுண்டு. தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்க நோன்பிருப்போர் இல்லங்களில், தைப்பூசம் வரை தண்ணீர்க் குளியலே நடத்தலின் பொறி சும்மா தொங்கும். ஓய்ந்த பொறியை மீளவும் இயக்குமுன் செய்யத்தக்கது 7ஆம் இயலில் வரும்.

3. பொறி இயல்

பொறி மூவகைப்படும்: கதிர்க்காய்ச்சி, தேக்கிக்காய்ச்சி, உடன்காய்ச்சி. கதிர்க்காய்ச்சி கூரைமேற் கிடந்து வெயிலுண்பது. அதற்குரிய நூல் வேறு. தேக்கிக்காய்ச்சி தொட்டியுடையது, சென்னையார் கீசர் என்பது இது. அதன் அடியில் மிகையழுத்தத் திறப்பி ஒன்றிருக்கும். திறப்பி சொட்டுகிறதென்று அதன் வாயைத் துணியாலோ மூடியாலோ அடைப்போர் உளர். அடைத்த தொட்டியைக் கொண்ட வீட்டுக்கு விருந்து போகற்க. தேக்கி பற்றி இவ்வளவே போதும்.

பினாங்கின் பெருவழக்கு உடன்காய்ச்சி. தொட்டியின்றி, நீர் ஓடுங்காலத்தே ஓட்டத்திலேயே காய்ச்சுவது. இதன் முகத்தில் 3.6 கிலோவாட் எனப் பொறித்திருக்கும். மாணவன் இவ்வெண்ணை உடனே ஏற்றுக்கொள்ளற்க. அதனருகே சிற்றெழுத்தில் 240 வோல்ட் என உளதா என நோக்குக. மலேசியாவின் வழங்கழுத்தம் 2008 முதல் 230 வோல்ட். அழுத்தம் குறையின் ஆற்றல் அதன் இருமடி அளவில் குறையும் ஆதலின், 240இல் 3.6 தரும் பொறி 230இல் 3.3 மட்டுமே தரும். வாங்கியவர் இதற்காகக் கடைக்காரரோடு வழக்காட வேண்டா.

அந்த 3.3 கிலோவாட், மணித்துளிக்கு 2 இலிட்டர் ஓடும் நீரை ஏறத்தாழ 24 பாகை உயர்த்தும். 3 இலிட்டராயின் 16. 4 ஆயின் 12. இவற்றை 27ஓடு கூட்டுக: 51, 43, 39. முதலாவது மேனியைப் புண்ணாக்கும். இரண்டாவது மூட்டு வேட்போர்க்கு உரியது. மூன்றாவது ஏனையோர்க்கு. இதனாற் பெறப்படுவது, சூட்டுக்குமிழ் எவ்வளவு சூட்டை ஆள்கிறதோ அவ்வளவு சூட்டை நீர்க்குமிழும் ஆள்கிறது என்பது. 'சூடு போதவில்லை' என்று சூட்டுக்குமிழை முற்றத் திருகுவோர், நீரைச் சற்றே குறைத்தால் தீரும் குறையைப் பெரிதாக்குகின்றனர். பிரித்தானியர் 8.5 முதல் 10.5 கிலோவாட் வரை வேண்டுவது, அவர்தம் பனிக்காலக் குழாய்நீர் நம் குளிர்ப்பெட்டி நீரை ஒத்து வருதலால்.

உடன்காய்ச்சி மீண்டும் இருவகை: உந்துடையது, உந்திலி. கூரைத்தொட்டிக்கும் நீர்த்தூவிக்கும் இடையே ஒரு மீட்டர் உயரமே உள்ள மேல்மாடிக் குளியலறையில் நீரழுத்தம் 0.1 பார் அளவே கிட்டும். ஓட்டம் போதாத இடத்தில் உந்திலிப் பொறி தன் ஓட்டவுணரியால் 'நீரில்லை' எனக் கருதி வாளாவிருக்கும். அத்தகைய வீட்டார்க்கு உந்துடையது வேண்டும். கீழ்த்தளத்தார் அதற்குப் பொருள் செலவிடல் வீண்.

இங்கே ஒரு விலக்கு. உடன்காய்ச்சியின் உள்வாயில் அடைகுமிழ் உண்டு. வெளிவாயில் இல்லை, இருத்தலும் ஆகாது. வெளிவாயிலே ஒரு கிளை பிரித்து, கழிப்பறைத் தெளிகுழலை மாட்டி, அதை மூடியும் வைப்போர் சிலர். திறந்த வாயென நம்பி வடிக்கப்பட்ட கலம் அழுத்தம் தாங்குமாறு வடிக்கப்பட்டதன்று. பிரேசில் நாட்டார் காய்ச்சுகம்பியைத் தூவியினுள்ளேயே வைத்து, மின்கம்பியைத் தலைக்கு மேலே இணைத்துக் குளிக்கின்றனர். அதனை மாணவன் இப்பருவத்திற் படித்தல் வேண்டா.

4. சுவர் இயல்

ஜார்ஜ் டவுன் சுவர்கள் நால்வகை: சுண்ணச்சுவர், செங்கற்சுவர், வார்ப்புச்சுவர், பலகைச்சுவர். செங்கற்சுவர் குளுகோர், பாயான் பாரு முதலிய இடங்களின் வரிசைவீடுகளில் உளது. யாதொரு தொல்லையும் தராது. ஆகவே ஆராய்ச்சிக்கு உதவாது. வார்ப்புச்சுவர் 1960களின் இறுதியில் எழுந்த ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி போன்றவற்றில் உளது, துளைப்பானை முறிக்கும். பலகைச்சுவரில் பொறி தொங்கவிடற்க.

சுண்ணச்சுவரே நம் ஆராய்ச்சிக்குரியது. குவீன் தெரு, சூலியா தெரு, மார்க்கெட் தெரு ஆகியவற்றின் கடைவீடுகள் செங்கல்லைச் சுண்ணக்காரையில் அடுக்கியவை. 2008இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்ற பகுதி இது. இச்சுவரில் துளையிட்டால் முதலில் வெண்தூள் உதிரும். பிறகு செந்தூள் உதிரும். பிறகு ஒரு விரல் நுழையும் பள்ளம் எஞ்சும். பிளாஸ்டிக் செருகியை அதிற் புகுத்தித் திருகாணி முறுக்கினால் செருகியும் உடன் சுழலும். அங்ஙனம் சுழல்வதைக் கண்டும் பல்குச்சியோ அட்டைத்துண்டோ செருகி இறுக்குவது 'பொய்யிறுக்கம்' எனப்படும். எண்ணெய் வேட்போரை ஈண்டு நினைக. காரையில் துளையாது, செங்கல்லின் நடுவே துளைக்க; அங்கும் நில்லாதாயின் பின்பலகை ஒன்றைப் பல இடங்களில் நிறுத்தி, அதன்மேல் பொறியை ஏற்றுக.

கடைவீட்டுக்கு இரண்டாவது இயல்பும் உண்டு: நீளம். மின்பெட்டி அஞ்சடி எனும் தெருமுகப்பு நடைவழியின் அருகே. குளியலறை வானவெளி முற்றம் கடந்து பின்கட்டில். இடையே 30 மீட்டர் கம்பி ஓடுதல் அரிதன்று. அந்நீளத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர்ச் செம்பு ஏறத்தாழ 8 வோல்ட்டை வழியிலேயே தின்னும். 4 சதுர மில்லிமீட்டராயின் 5 வோல்ட். மூன்றாவது இயல்பு, பழமை. 1966ஆம் ஆண்டின் குடிக்கூலிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 இறுதியோடு நீங்கும்வரை, சொற்பக் கூலி பெற்ற உரிமையாளர்க்குச் செப்பனிடும் ஊக்கம் குறைவாயிருந்தது. பின்னரும் செப்பம் காணாத வீடுகளில் நிலக்கம்பியின்றி இருகம்பியே ஓடுவதைக் காணலாம். அத்தகைய வீட்டில் பொறியை நிறுத்திவைத்து முதலிற் கம்பியை மாற்றுக.

5. ஈரவட்ட இயல்

உலக மின்தொழில்நுட்ப ஆணையத்தின் நெறிநூல் குளியலறையை வட்டங்களாகப் பகுக்கும். சுழியவட்டமாவது தொட்டியின் உள். முதல்வட்டமாவது தொட்டிக்கு மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரமளவும். இரண்டாம் வட்டமாவது அதன் புறத்தே 0.6 மீட்டர்.

பினாங்குக் குளியலறையில் குளிதொட்டி இல்லை என்பான் மாணவன். நன்று. தொட்டியில்லா அறைக்கு, நீர் விழும் வாயிலிருந்து 1.2 மீட்டர் வரை முதல்வட்டம் எனவும், இரண்டாம் வட்டமே இல்லை எனவும் அந்நெறிநூல் கூறும். கோல்கொண்டு அளந்து பார்க்க. முற்கூறிய ஆறடிக்கு நான்கடி அறையில் 1.2 மீட்டருக்கு அப்பால் எஞ்சுவது ஒரு மூலையே. அங்கே துடைப்பம் நிற்கிறது. ஆகவே நம் குளியலறை ஏறத்தாழ முழுதும் முதல்வட்டம்.

முதல்வட்டத்துக் கருவி தெறிநீர் தாங்கல் வேண்டும். அதன் குறி ஐ.பி.எக்ஸ்.4. பொறிகள் பலவற்றில் ஐ.பி.25 எனக் காணப்படும்; இறுதி எண் 5 பீய்ச்சுநீர் தாங்குதலைக் காட்டுவது. இது மிகை என்பாரும் உளர். அன்னோர், வெள்ளிக்கிழமை தோறும் நெகிழிக்குழாய் கொண்டு தரை, சுவர், கதவு, பொறி யாவற்றையும் ஒருங்கே கழுவும் இல்லத்தரசியரைக் கண்டிலர்.

6. ஓட்ட இயல்

பொறி இழுக்கும் மின்னோட்டம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 14.4 ஆம்பியர். மலேசிய முக்கால்செருகி 13 ஆம்பியர்க்கு உரியது. இவ்விரு எண்களையும் ஏட்டில் அடுத்தடுத்து எழுதுக. எழுதியபின்னும் பொறியைச் செருகியில் மாட்டுவோர் 'செருகியர்' எனப்படுவர். தமிழகத்திலிருந்து புதிதாய் வந்தோர் இவ்வகையுள் மிகுதி; 2 கிலோவாட் கீசரை 16 ஆம்பியர்ச் செருகியில் மாட்டி ஆண்டுக்கணக்கிற் குளித்த பழக்கம் அவர்க்கு உண்டு. அங்கே அது பொருந்தும். இங்கே 1.4 ஆம்பியர் மிகையாகிறது, அதனாற் செருகி வெப்பமேறுகிறது. செருகியின் கால்துளையைச் சுற்றி வெண்ணெகிழி முதலில் பழுப்பேறும். பின்னர் விளிம்பு உருகி இளகும். அறையில் அழுகிய மீனின் நாற்றம் எழும். இல்லத்தார் மீனைத் தேடுவர்.

ஆதலின் பொறிக்குத் தனியோட்டம் வேண்டும். மின்பெட்டியில் 20 ஆம்பியர் மிகையோட்டத் துண்டிப்பி. அங்கிருந்து 4 சதுர மில்லிமீட்டர்க் கம்பி. குளியலறைக் கதவுக்கு வெளியே, செவ்விளக்கு பொருந்திய 20 ஆம்பியர் இருமுனை விசை. அங்கிருந்து இடையிணைப்பு ஏதுமின்றிப் பொறிக்கு. இருமுனை என்றது, உயிர்க்கம்பியோடு நடுக்கம்பியையும் ஒருங்கே வெட்டுதலால். ஒருமுனை விசை போட்டால், யாரோ எங்கோ கம்பிகளை மாற்றி முடிந்த வீட்டில், அணைத்த பொறியும் உயிரோடிருக்கும்.

வண்ணம்: சுவருட்கம்பியில் உயிர் சிவப்பு, நடு கறுப்பு, நிலம் பச்சை. பொறியோடு வரும் கம்பியில் உயிர் பழுப்பு, நடு நீலம், நிலம் பச்சைமஞ்சள். திருகுமுனைகளை இறுக்குக. இறுக்கியபின் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்க்க. வந்துவிட்டால் முன்னர் இறுக்கவில்லை என்க.

7. கசிவறி இயல்

இவ்வியலே நூலின் நெஞ்சு. ஏனையவற்றைத் தூங்கிக்கொண்டு கேட்ட மாணவன் ஈண்டு விழிக்க.

வழக்கில் ஈ.எல்.சி.பி. எனப்படும் கசிவறியின் தொழில் ஒன்றே: போன மின்னோட்டமும் வந்த மின்னோட்டமும் ஒத்தனவா என ஓயாது ஒப்பிடல். ஒவ்வாவிடின், குறைந்தது யார் வழியாகவோ மண்ணுக்குச் சென்றது என முடிவுகட்டி, யாரென வினவாது வெட்டிவிடும்.

துண்டிப்பி இருக்கக் கசிவறி எதற்கு என்பது மாணவர் வழமையாய் எழுப்பும் ஐயம். விடை கூறுவல். மலேசிய இல்லங்கள் பெரும்பாலும் தம் நிலக்கம்பியைத் தம் முற்றத்து மண்ணிலேயே ஊன்றிய கோலில் முடிப்பன. வழங்குநரின் நடுக்கம்பியோடு முடிப்பனவல்ல. அக்கோலின் மண்தடையும் வழித்தடையும் கூடி 20 ஓம் எனக் கொள்க. காய்ச்சுகம்பி பழுதுற்று உயிர்மின் பொறியின் உலோகக் கலத்தைத் தொட்டால், 230ஐ 20ஆல் வகுக்க, 11.5 ஆம்பியர் மண்ணுக்கு ஓடும். துண்டிப்பியோ 20 ஆம்பியர்க்கு உரியது. யாரோ அரிசி வேகவைக்கிறார்கள் எனக் கருதி அது அமைதியாயிருக்கும். குளிப்பவர் அமைதியாயிரார்.

இதனாலன்றோ 1994ஆம் ஆண்டின் மின்வழங்கல் ஒழுங்குமுறைகள், தரை ஈரமாகும் இடங்களில் கசிவறியின் உணர்வளவு 10 மில்லியாம்பியர்க்கு மேற்படலாகாது என்றன. கையாற் பிடித்து இயக்கும் கருவிகட்கு 30. ஏனைய பொதுவோட்டத்துக்கு 100. பத்தென்றது வேண்டுமென்றே தெரிந்தெடுத்த எண். ஏறத்தாழ 10 மில்லியாம்பியர் ஓடும்போது கைத்தசை இறுகிப் பற்றியதை விடமாட்டாது. 30ஐக் கடந்து நீடித்தால் நெஞ்சாங்குலை தாளம் தவறும். நனைந்த மேனியின் தடை மிகக் குறைதலின், இவ்வளவுகளை எட்டப் பெருமுயற்சி வேண்டுவதில்லை.

கசிவறி மூவகை. தலைக்கசிவறி, மின்பெட்டியில் வீடு முழுமைக்கும் ஒன்றாய் இருப்பது. பெரும்பாலும் 100 மில்லியாம்பியர். நெருப்பினின்றும் பெருங்கசிவினின்றும் வீட்டைக் காக்கும், குளிப்பவரைக் காக்கும் என நம்பற்க. கிளைக்கசிவறி, வெந்நீரோட்டத்துக்கென்றே வைத்த 10 மில்லியாம்பியர். நமக்கு வேண்டியது இது. அகக்கசிவறி, பொறியினுள்ளேயே அமைந்து வருவது. 'பொறியிலேயே இருக்கிறது, இன்னொன்று எதற்கு' எனக் கடைக்காரர் வினவுவர். அகக்கசிவறி தனக்குப் பின்னுள்ளதையே காணும். சுவருக்குள் ஓடும் 30 மீட்டர் கம்பியில் ஆணியடித்தவர் அதன் கண்ணுக்குப் புறம்பானவர்.

கசிவறி காணமாட்டாதவையும் உள. ஒரு கையால் உயிர்க்கம்பியையும் மறுகையால் நடுக்கம்பியையும் பற்றியவரை அது ஒரு காய்ச்சுகம்பி எனவே கருதும். போனதும் வந்ததும் ஒத்திருத்தலின் வெட்டாது. அன்றியும், அதன் முகத்திலுள்ள ஆய்வழுத்தி, உள்ளிருக்கும் வில்லும் காந்தமும் உயிரோடுள்ளனவா என்பதையே காட்டும். முற்றத்துக் கோல் மண்ணில் உளதா, துருப்பிடித்து அற்றதா என்பதை ஒருபோதும் காட்டாது. கோலின் தடையை வயர்மேன் கருவி கொண்டு அளத்தல் வேண்டும். அழுத்தியைத் திங்களுக்கு ஒருமுறை அழுத்துக. முற்கூறிய ஓய்வுக்காலம் கழிந்தபின் பொறியை இயக்குமுன் கட்டாயம் அழுத்துக. பிறகு விசையைப் போடாமலே நீரைச் சிறிதுபொழுது ஓடவிட்டுத் தேங்கிய நீரையும் காற்றையும் போக்குக.

8. நிறுவுநர் இயல்

நிறுவுநர் மூவகை: சான்றோர், மைத்துனர், தாமே. சான்றோர் என்பார் சுருஹான்ஜாயா தெனாகா எனும் ஆற்றல் ஆணையத்தின் சான்று பெற்ற வயர்மேன்; ஆணையத்திற் பதிந்த மின்குத்தகையாளரிடம் பணிபுரிவர். பொறி வாங்குங்கால் சிரிம் தரச்சான்று ஒட்டியைத் தேடுவது போல, வயர்மேனிடம் சான்றைக் கேட்டுப் பார்த்தல் தகும். நாணுவோர் தேநீர் கொடுத்துக்கொண்டே கேட்க.

மைத்துனர் வகை விரிவானது. இவர் ஒரு முறை தம் வீட்டில் பொறி மாட்டினார்; அது இன்றும் ஓடுகிறது; இதுவே இவர் சான்று. இவருட் பெருந்தன்மையர் நிலக்கம்பியை 'இது சும்மா' என்று மடக்கி, நாடா சுற்றி, பின்மூடிக்குள் திணிப்பர். நுண்ணறிவினர் அதனையே நீர்க்குழாயில் கட்டுவர். குழாய் நெகிழி என்பது பிறகு தெரியவரும். இருவரும் கூலி வாங்கார். அவர்க்கு இடப்படும் மீன்குழம்புச் சோறு, கணக்கிட்டால், வயர்மேன் கூலிக்கு மிக நெருங்கும்.

'தாமே' எனும் வகையார் சோதனைப்பேனா ஒன்றை வாங்கிச் சட்டைப்பையிற் செருகி, அதன் விளக்கு எரியாமை கண்டு துணிந்து தொடுவோர். பேனாவின் விளக்கே பழுதுற்றிருக்கலாம் என்னும் இயல்பை இவர் ஆராய்வதில்லை. எரியும் ஒரு முனையில் முதலில் வைத்துப் பேனாவை ஆய்ந்து, பின்னர் ஐயமுனையில் வைத்து, மீண்டும் எரியும் முனையில் வைத்துப் பார்த்தல் முறை.

9. பயிற்சி

மாணவன் இன்று மாலை தன் வீட்டு மின்பெட்டியைத் திறந்து, வெந்நீர்ப்பொறியின் விசையைப் போட்டுச் செவ்விளக்கு எரியக் கண்டபின், கசிவறி ஒன்றன் ஆய்வழுத்தியை அழுத்துக. யாரிடமும் முன்னரே சொல்லற்க. சொன்னால் விளைவு திரியும்.

விளைவு மூவகை. கூச்சல் எழுந்தால், அழுத்தியது தலைக்கசிவறி. கூச்சல் உள்வகை மூன்று: அடுக்களைக் கூச்சல், சோற்றுப்பானை பாதியில் நின்றதால் எழுவது; கூடத்துக் கூச்சல், நெடுந்தொடர் அறுந்ததால் எழுவது, இதுவே ஒலியில் உயர்ந்தது; மாடிக் கூச்சல், இணையம் போனதால் எழுவது, இது 'அப்பா' என்று தொடங்கும். கூச்சலின்றிச் செவ்விளக்கு மட்டும் அணைந்தால், அழுத்தியது கிளைக்கசிவறி, அது நலமாயுள்ளது. கூச்சலும் எழாமல் விளக்கும் அணையாமல் இருந்தால், அக்கசிவறி இறந்துபட்டதென்றோ, பொறியின் ஓட்டம் அதன் வழியே செல்லவில்லையென்றோ கொண்டு, பொறியின் விசையை அணைத்து, வயர்மேனை அழைத்து, அவர் வருமளவும் தண்ணீரிற் குளிக்க.

இனி எழுந்து செல்க. எழுந்த கூச்சல் எவ்வகை என நாளை ஏட்டிற் குறித்து வருக.